ஒன்பதாவது பத்திக்கு வைத்த கட்டைவிரல்

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து கடைசியாக வந்த செய்தியைக் கடைசி வரி வரை படித்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். இல்லை என்றால் நான் திட்டப்போவதில்லை. ஆவியக்காவும் படிக்கவில்லை.

ஆவியக்கா ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் நீராவி உருளையின் முன்னால் பதினோரு வருடமாக நிற்கிறவர். அந்தப் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். ஈர விரிப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை அவருடைய ஜோடிக்காரி பிடிப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து அதை உருளைக்குள் கொடுக்க வேண்டும். கவனம் சிதறி விரல் உள்ளே போனால் தோல் மிஞ்சாது. அதனால் காலை ஆறு மணிக்கே எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார் மேற்பார்வையாளர். திறப்பது மதியம் இரண்டு மணிக்கு.

அந்த எட்டு மணி நேரமும் ஆவியக்காவுக்குப் பயம்தான். உருளை சுடுமே என்றல்ல. பள்ளியிலிருந்து என்ன வந்திருக்குமோ என்று.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்காகப் பள்ளி செல்போனில் ஒரு குழு வைத்திருந்தது. அதில் பள்ளி மட்டும்தான் பேசும். பெற்றோர் வாயைத் திறக்க முடியாது. வந்த செய்தியைப் பார்த்துவிட்டதற்கு அடையாளமாகக் கட்டைவிரல் குறி ஒன்றை வைக்கலாம், அவ்வளவுதான். பிற்பகல் மூன்று மணிக்குள் வைக்காதவர்களின் பிள்ளைகள் பெயர் "பொறுப்பற்ற பெற்றோர்" என்ற தலைப்பில் அதே குழுவில் வரும்.

ஒருநாள் நீராவிக் குழாய் வெடித்து, ஈரத் துணிகளை எல்லாம் அள்ளி முடிக்க நாலு மணி ஆகிவிட்டது. அன்றைய பட்டியலில் மகளின் பெயர் வந்தது. மறுநாள் முதல் பாடவேளை முழுக்க அவள் வகுப்பின் பின்வரிசையில் நின்றாள். தாயின் வேலையிடத்தில் குழாய் வெடித்ததற்கு மகளுக்குத் தண்டனை! என்ன நியாயம் இது?

"அம்மா, நீ படிக்கலைன்னாலும் பரவாயில்ல. பெட்டிய தொறந்ததும் விரலை மட்டும் வச்சிடு. எல்லாரும் என்னையே பாத்தாங்க," என்றாள் மகள் அன்று மாலை.

அன்று முதல் அப்படித்தான். இரண்டு மணிக்குப் பெட்டி திறக்கும். ஆவியக்கா முதலில் விரலை வைப்பார், பிறகு மூச்சு விடுவார். சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். ஏழாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். சாவகாசம் ஒருநாளும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை "மாற்றங்களும் முன்னேற்றமும்" என்ற வாராந்திரச் செய்தி வந்தது. முதல் பத்தியில் மாடிச்சுவருக்குப் புது வண்ணம். இரண்டாவதில் குடிநீர்த் தொட்டி. பிறகு வாகனங்களை எங்கே நிறுத்துவது, எந்த நிறக் காலுறை போடுவது. ஒன்பதாவது பத்தியில் இது: அரையாண்டுத் தேர்வில் சராசரி நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்கள் தொழிற்பயிற்சிப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். அவர்கள் பொதுத்தேர்வு எழுதமாட்டார்கள். குறியிட்ட பெற்றோர் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள். பட்டியல் புதன்கிழமை நண்பகல் கல்வி அலுவலகத்துக்குப் போய்விடும்.

ஆவியக்கா இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு விரல் வைத்தார்.

திங்கட்கிழமை மாலை மகள் பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "என்னையப் பயிற்சிப் பிரிவுல போட்டுட்டாங்கம்மா. நீ சரின்னு சொல்லிட்டியாம்."

"நானா? நான் எங்கடி சொன்னேன்?"

மகள் செல்போனை வாங்கி ஒன்பதாவது பத்தியை வாசித்துக் காட்டினாள். ஆவியக்கா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அரையாண்டுத் தேர்வின்போது மகள் காய்ச்சலில் படுத்ததால் கணக்கும் அறிவியலும் எழுதவில்லை. மருத்துவரின் சீட்டைப் பள்ளியில் கொடுத்தாயிற்று. ஆனாலும் இரண்டுக்கும் சைபர் போட்டு ஐந்தால் வகுத்து முப்பத்தேழு என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பெண். பொதுத்தேர்வு இல்லையென்றால் அந்தக் கதவு சாத்தியாயிற்று.

பள்ளி ஏன் இப்படிச் செய்தது? வாசலில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று ஒரு பலகை தொங்குகிறது. தோற்கக்கூடும் என்று தோன்றுகிற பிள்ளையைத் தேர்வே எழுதவிடாமல் செய்துவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

லாரி ஓட்டுகிற கணவர் எங்கோ வழியில் இருந்தார். செல்போனில் கூப்பிட்டதற்கு, "நீ போய் ஏதாவது பேசி வைக்காத. அப்புறம் புள்ள மேலதான் காட்டுவாங்க. நான் வந்து பாத்துக்கறேன்," என்றார்.

"நீங்க வர்றது வெள்ளிக்கிழமை. பட்டியல் போறது புதன்கிழமை."



பிள்ளை மேல்தான் காட்டுவார்கள் என்று கணவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் ஆவியக்காவைத் தூங்கவிடவில்லை. கேட்டால் மகளைப் பழிவாங்குவார்கள். கேட்காவிட்டால் மகளின் படிப்பு போய்விடும்.

செவ்வாய்க்கிழமை உருளை முன்னால் நிற்கும்போது விரிப்பு இரண்டு முறை கோணலாகப் போனது. ஜோடிக்காரி உருளையை நிறுத்தினாள்.

"என்னக்கா, இன்னிக்கி என் கையையும் சேத்துத் தேய்க்கறதா உத்தேசமா?"

ஆவியக்கா விஷயத்தைச் சொன்னார்.

"நூத்தி எண்பது டிகிரி சூட்டுல கைய விடுற. ஒரு ஸ்கூலுக்குப் பயப்படுறியே! ஆவிக்கே பயமா?"

"உருளை சுட்டா என்னைத்தான்டி சுடும். அந்த ஸ்கூல் சுட்டா என் பொண்ணைச் சுடும்."

ஜோடிக்காரி போய் மேற்பார்வையாளரிடம் ஏதோ சொல்லி, பெட்டியைத் திறக்க வைத்து, செல்போனைக் கொண்டுவந்து அக்காவின் கையில் திணித்தாள். "போ. உன் முனையையும் நானே பிடிச்சுக்கறேன்."

பள்ளி அலுவலகத்தின் முன்னால் நீளமான பெஞ்சு. ஆவியக்கா ஒருமணி நேரம் அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே யாராவது நாற்காலியை நகர்த்தினாலும் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று மூன்று முறை தோன்றியது. மூன்றாவது முறை எழுந்தேவிட்டார். அப்போது எழுத்தர் கூப்பிட்டார்.

எழுத்தர் ஒரு தாளை எடுத்து வைத்தார். குழுவின் செய்தி, கீழே கட்டைவிரல்கள், எண்களோடு. "இது உங்க நம்பர்தானேம்மா? இது உங்க விரல்தானே? அப்ப சம்மதிச்சிட்டு இப்ப வந்து நின்னா எப்படி? பட்டியல்ல இருபத்தி மூணு பேர். எல்லாருந்தான் வச்சிருக்காங்க."

"சார், நான் படிக்காம வச்சிட்டேன்."

"அது உங்க தப்பும்மா."

ஆவியக்காவுக்கு ஆமாம், என் தப்புத்தான் என்பது வாய்வரை வந்துவிட்டது. ஏழைக்குப் பழக்கமான வாக்கியம் அது. அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து தலைமையாசிரியை வந்தார். "என்ன விஷயம்?" என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஆவியக்கா செல்போனை எடுத்தார். விரல் வழுக்கியது. செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் போன மாதத்துக்குப் போனார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. நம்ம ஸ்கூல் வாட்ச்மேன் தவறிட்டார்னு போன மாசம் போட்டிருந்தீங்க. அதுக்கும் நான் இதே விரலைத்தான் வச்சேன். பாருங்க, நாப்பத்தோரு பேர் வச்சிருக்கோம். அவர் செத்ததுக்கு நாங்க சம்மதம் குடுத்தோமா?"

எழுத்தர் சிரிக்கப்போய், தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அந்த அம்மா செல்போனை வாங்கிப் பார்த்தார். துக்கச் செய்தியின் கீழே வரிசையாக நாற்பத்தோரு கட்டைவிரல்கள் நிமிர்ந்து நின்றன.

"ஏன் வச்சீங்க?" என்றார், குரல் இறங்கி.

"வைக்கலைன்னா எம்பொண்ண நிக்க வைப்பீங்களே, டீச்சரம்மா."

அந்தப் பதிலில் வீரம் எதுவும் இல்லை. நடுக்கம்தான் இருந்தது. ஆனால் நடுங்கிக்கொண்டே சொன்னாலும் நியாயம் நியாயம்தான்.

தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளைக் கொடுக்கச் சொன்னார். "சம்மதம் இல்லைன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. மருத்துவர் சீட்டை நான் தேடி எடுக்கறேன். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள யார் எழுதிக் குடுத்தாலும் அவங்க பிள்ளை பேரை எடுத்துடறேன்." மற்ற இருபத்திரண்டு பேருக்கும் குழுவில் சொல்வாரா என்று கேட்டதற்கு மட்டும், "பார்க்கலாம்" என்றார். அவர் சொல்லவில்லை.

ஆவியக்கா இரண்டே வரி எழுத அரைமணி நேரம் ஆனது. அவருடைய தாய் ஆயுள் முழுக்க எல்லாக் காகிதத்திலும் கைநாட்டு வைத்தவர். தான் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் என்பதில் ஆவியக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. எழுதத் தெரிந்தவர்களையும் கைநாட்டுக்காரர்களாக்கிய பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, தன் பெயரை முழுதாக எழுதினார்.

ஆவியக்கா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னதும் மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டியலில் யார் யார் என்பது வகுப்புக்கே தெரியும். மகள் பெயர்களைச் சொல்லச் சொல்ல, கட்டைவிரல் குறிகளைத் தொட்டால் தெரியும் பெயர்களிலும் எண்களிலும் அவர்களுடைய பெற்றோரைத் தேடி, ஆவியக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். குழுவில் பேச முடியாத பெண், அன்று மாலை தொண்டை கட்டும்வரை பேசினார். சிலர் நம்பவில்லை. ஒருவர், "எதுக்கும்மா வம்பு, பெரிய இடம்," என்று வைத்துவிட்டார். சிலர் வேலையில் இருந்தார்கள், அவர்களுடைய செல்போனும் ஏதோ ஒரு பெட்டியில் பூட்டியிருந்திருக்கும். தெரியாத எண் என்று எடுக்காதவர்கள் பலர்.

புதன்கிழமை நண்பகலுக்குள் பதினோரு தாள்கள் தலைமையாசிரியையின் மேசைக்கு வந்தன. பதினோரு பிள்ளைகள், ஆவியக்காவின் மகளும் சேர்த்து, பொதுத்தேர்வு எழுதப்போகிறார்கள். பன்னிரண்டு பெயர்கள் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டன.

ஆவியக்கா இன்றும் இரண்டு மணிக்குப் பெட்டி திறக்கும்போது பயப்படுகிறார். ஆனால் முதலில் படிக்கிறார், எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரை. மூன்று மணி தாண்டினாலும் சரி.

செல்போனைக் கையில் எடுங்கள். பள்ளியிலிருந்து வந்த அந்தச் செய்தியைத் திறந்து ஒன்பதாவது பத்திவரை படியுங்கள். புரியாததை எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை விரல் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு தாய் இருந்தால், அவருக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். தெரியாத எண்ணிலிருந்து யாராவது நடுங்கும் குரலில் கூப்பிட்டால், தயவுசெய்து எடுங்கள்.