சாவியை எடுத்த பிறகும்

காது கேட்கிறதா என்று பிறரைச் சோதிப்பதுதான் என் வேலை. வேளச்சேரியில் ஒரு சின்ன கிளினிக்கில், சத்தம் புகாத அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க" என்பேன். யாருக்கும் கேட்காத சத்தம் தனக்கு மட்டும் கேட்கிறது என்று சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் ரொம்பத் தன்மையாகப் பேசுவேன். போன கோடையில் நானே அப்படி ஒருத்தி ஆனேன்.

எங்களிடம் பதினாறு வருஷப் பழைய டீசல் கார் இருந்தது. மதியம் கிளினிக்கை மூடிவிட்டு ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு அதில்தான் திரும்புவேன். ஒருநாள் அடையாறு பாலத்தில் ஏறும்போது இஞ்சினுக்குள் மெல்லிய விசில் கேட்டது, பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல. வேகம் கூடக் கூட அதுவும் ஏறியது. வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைத் திருகினேன். இஞ்சின் நிற்கவில்லை. ஒரு மூச்சு நேரம் கூடுதலாக ஓடிவிட்டுத்தான் அடங்கியது.

பிரமை என்று விட்டுவிட்டேன். மறுநாள் இரண்டு விநாடி ஓடியது. வாரக் கடைசியில் நான்கு. கையில் சாவியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து எண்ணினேன். நிற்கும்போது ஒரு குலுங்கு குலுங்கும். பின்சீட்டிலிருந்து யாரோ இறங்கியது போல வண்டி லேசாக எழும்பும். நல்ல வெயில் நேரம்தான். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடப்பேன்.

கணவரிடம் சொன்னேன். சனிக்கிழமை மந்தைவெளி மார்க்கெட் வரை போய் வந்தோம். அவர் சாவியைத் திருகியதும் கார் சமர்த்தாக நின்றது. விசிலும் இல்லை.

"நாள் பூரா பீப் பீப்னு கேட்டுட்டு இருக்கே. காது ரெஸ்ட் கேக்குது போல," என்றார்.

திங்கட்கிழமை, யாரும் வருமுன், கருவியைத் தானாக இயங்க வைத்துவிட்டு என் காதையே சோதித்துக்கொண்டேன். ஒரு குறையும் இல்லை. அது நிம்மதியும் தரவில்லை. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அந்த அறையின் அமைதிக்குள் விசில் வருமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் மெக்கானிக், நீளமான ஸ்க்ரூ டிரைவரை இஞ்சினில் ஊன்றி அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். மூன்று முறை போனேன். மூன்று முறையும், "ஒண்ணியும் இல்லமா. வண்டி நல்லாத்தான் கீது," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் தனியா இருக்கறப்ப மட்டும்தான் வருது. யாராவது கூட இருந்தா வர்றதில்ல."

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"கூட யாருன்றத வுடு மா. தனியா வரசொல்லோ எங்கேர்ந்து வர்ற?"

"வேளச்சேரிலேர்ந்து."

"இங்க வரசொல்லோ?"

"வீட்லேர்ந்து. அஞ்சு நிமிஷம்."

"அப்ப இஞ்சின் நல்லா சூடானாத்தான் வருது. நாளைக்கு உன் கூட நான் வரேன்."

மறுநாள் மதியம் பறக்கும் ரயிலில் வேளச்சேரிக்கே வந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பாலத்தில் விசில் வந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவர் கை தானாக மேலே எழுந்தது.

பாலம் தாண்டி ஆளில்லாத ஒரு தெருவில் நிறுத்தச் சொன்னார். சாவியைத் திருகி, உருவி, அவர் கையில் கொடுத்தேன். இஞ்சின் ஓடியது. ஐந்து. பத்து. பிறகு, அடங்குவதற்குப் பதிலாக, மெல்ல வேகம் எடுத்தது.

"எம்மா, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடு!"

"வைக்கவே இல்ல!" இரண்டு கால்களையும் தூக்கிக் காட்டினேன். வண்டி வீறிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தெருவே இல்லை, நீலப் புகை மட்டும். அவர் தன் உள்ளங்கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார்:

"கிளட்ச்ச அமுக்கி அஞ்சாவது கியர் போடு! பிரேக்க அமுக்கிப் புடி! கிளட்ச்ச டக்குனு வுடு!"

செய்தேன். பிரேக் பிடித்த சக்கரங்களைச் சுழற்ற இஞ்சினால் முடியவில்லை; எதிலோ மோதியது போல கார் ஒருமுறை துள்ளி, செத்தது.

அவர் பானட்டைத் திறந்து ஒரு குழாயைத் தளர்த்தினார். கறுப்பு ஆயில் கொழகொழவென்று வழிந்தது. இஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவில் சீல் கிழிந்து, ஆயில் அந்தக் காற்றோடு உள்ளே போயிருக்கிறது.

"தன் ஆயில தானே குடிச்சிக்கினு ஓடிகீது. அதுக்கு டீசலும் வாணாம், சாவியும் வாணாம்."

டர்போவை மாற்றினார். கணவர் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

காரைத் திருப்பிக் கொடுத்த அன்று மெக்கானிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முப்பது வருசமா வண்டி பாக்கறேன். சாவி என் கையில, அது பாட்டுக்கு கத்துது. யாருடா உள்ளன்னு மனசுக்குள்ள கேட்டுட்டேன் மா."

அன்று தெருவில் வண்டி வீறிட்டபோது, தீப்பிடித்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிறுத்தச் சொல்வது அதற்குப் புரிகிறது, புரிந்தும் மறுக்கிறது என்றுதான் தோன்றியது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.