வீட்டைக் குறை சொல்லப் போன நாள்

இங்கே சித்திரை பிறக்கும் சமயத்தில் தெருவில் எல்லோரும் தங்கள் வீட்டைத் திட்டத் தொடங்குவார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர், குப்பைத் தொட்டியை உருட்டி வருபவர், யாரிடம் நின்றாலும் கூரை போச்சு, அஸ்திவாரம் இறங்கிப் போச்சு என்று ஒரே அங்கலாய்ப்பு. போன மாதம் வரை அதே வீட்டைத்தான் விருந்துக்கு வந்தவர்களுக்கு அறை அறையாகச் சுற்றிக் காட்டினார்கள். காரணம், தபாலில் வந்து விழும் ஒரு தாள். உன் வீடு இந்த வருஷம் இவ்வளவு பெறும், அதற்கேற்ற வரியைக் கட்டு என்று மதிப்பீட்டு அலுவலகம் சொல்கிறது. அவ்வளவு பெறாது என்று நாம் போய் மறுக்கலாம். புரொட்டஸ்ட் என்று அதற்குப் பெயர். டெக்சாஸ் வந்து இந்த வருஷம் வரை நான் ஒருமுறையும் போனதில்லை. மலர் விடமாட்டாள்.

மலர் என் மனைவி. விழுப்புரத்துப் பெண். வீட்டில் உப்பு தீர்ந்தால் தீர்ந்தது என்று அவள் வாயில் வராது. "உப்பு நெறஞ்சிருக்கு, வரும்போது வாங்கிக்கினு வாங்க" என்பாள். வாசல் நிலைக்கு மேலே சுவர் வெடித்தபோது நின்று பார்த்துவிட்டு, "செவுரு சிரிக்குது பாருங்க" என்றாள். வெடிப்பு என்று நான் வாயெடுத்தாலே போதும். "வெளக்கு வெக்கிற நேரத்துல உள்ள நின்னுக்கினு இன்னா பேச்சு இது? ஊடு கேட்டுக்கினு இருக்குது இல்ல?" கட்டியவனுக்கும் விற்றவனுக்கும் தமிழ் தெரியாது. ஆனால் இந்த வீட்டுக்குத் தெரியும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். கடைசி வாரத்திலும் டாக்டரிடம் நன்றாக இருப்பதாகவே சொன்னாள். இரண்டு சம்பளத்தில் நின்ற வீடு ஒற்றைச் சம்பளத்தில் ஆட ஆரம்பித்தது. இந்த வருஷத் தாளில் இருந்த மதிப்புக்கு வரி கட்டுவதென்றால் விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். விற்றால் அவள் எங்கே இருப்பாள்? அதற்காகத்தான் போனேன்.

வழி சொல்லிக் கொடுத்தவர் கூட்டேரிப்பட்டு ஏழுமலை. நாலு தெரு தள்ளி இருக்கிறார், வருஷம் தவறாமல் வாதாடி வருகிறவர். "ரொம்ப சிம்பிள்ணே. உள்ள போயி ஊட்டப் பத்தி நல்லதா ஒரு வார்த்த பேசிடாதீங்க. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பேசுற மாதிரி பேசினீங்கன்னா பேஜாரா பூடும். கடன் கேக்க வந்தவங்கிட்ட பேசுற மாதிரி பேசணும். ஓட்ட ஒடசல் ஒண்ணு வுடாம போட்டோ எடுத்துக்கினு போங்க." எடுத்தேன். ஆலங்கட்டி அடித்த கூரை. சிரிக்கிற சுவர். கடைசியாக, சமையலறையின் வெள்ளைக் கல் மேடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம். வெள்ளிக்கிழமைதோறும் மலர் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்த இடம் அது. கல் குடித்துவிட்ட நிறம், இனிப் போகாது. அதையும் எடுத்தேன். சொல்ல வேண்டிய குறைகளை உள்ளே நின்று ஒத்திகை பார்க்க மனம் வரவில்லை. காரில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

அப்போது அப்பா நினைவுக்கு வந்தார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகள் சூழ்ந்த ஊர். அதில் ஒரு கொல்லையும் எங்களுடையது இல்லை. அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தே அப்பா கூரையைப் பிரித்துத் தளம் போட்டார். அந்த வருஷ வரி ரசீதில் பழையபடி கூரை வீடு என்றே வந்தது. அளக்க யாரும் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு என்னையும் அழைத்துப் போனார். "கொறைக்கச் சொல்லித்தான்யா எல்லாரும் வருவாங்க. நீ இன்னா, ஏத்தச் சொல்லி வந்து நிக்கிற?" என்று சிரித்தார் எழுத்தர். அப்பா சிரிக்கவில்லை. "ஏத்துங்க சார். என் ஊடு தளம் போட்ட ஊடு. ஆள அனுப்பி அளந்து பாருங்க." அளக்க வந்தவருக்கு அம்மா கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். ஏறிய வரியைக் கட்டிவிட்டு வந்த அன்று அப்பா மயிலம் முருகன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். அவர் பிள்ளை நான், டெக்சாஸில் காருக்குள் உட்கார்ந்து என் வீடு தேறாது, தேறாது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் தீர்ப்புச் சொல்ல மூன்று பேர். எதிரே, மதிப்பீட்டு அலுவலகத்துக்காகப் பேச மடிக்கணினியோடு ஓர் இளம்பெண். உண்மையே சொல்வேன் என்று வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். கூரையைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன். மூன்றாவது படத்தை மூவரில் மூத்தவர் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது என்ன, கடுகுச் சாஸா?"

"மஞ்சள்."

"துடைத்தால் போகாதா?"

"போகாது."

"துடைத்துப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

எனக்கு ஆங்கிலம் வரும். அந்த ஏனுக்கு வரவில்லை. ஏதோ வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி வெயிலில் காயவிடும்படி அவர் பரிவோடு சொன்னார். தன் மனைவி அப்படித்தான் செய்வாளாம். நன்றி என்றேன். அந்தப் பெண் கூரைக்கும் சுவருக்கும் கழிக்க ஒப்புக்கொண்டாள். "கறைக்கு ஒன்றுமில்லை. மதிப்பில் அதனால் எந்த மாற்றமும் வராது" என்றாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகள். காட்டிக் கொடுக்கத்தான் எடுத்துப் போனேன். காட்டிக் கொடுப்பதற்கும் அது பெறவில்லை.

ஜெயித்த பிறகு என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். மதிப்பை எவ்வளவு குறைத்தார்கள் என்று அங்கேயே வாயால் சொல்லிவிடுகிறார்கள். சில வாரம் கழித்து உத்தரவு தபாலில் வருகிறது. திருப்தி இல்லையென்றால் மத்தியஸ்தர், கோர்ட்டு என்று மேலே போகலாம். திருப்தியென்றால் பேசாமல் இருக்கலாம். ஆனால் அது இந்த ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வசந்தத்தில் புதுத்தாள் வரும், மறுபடியும் முதலிலிருந்து வீட்டைத் திட்ட வேண்டும். எனக்கு விற்காமல் இருக்கும் அளவுக்குக் குறைந்தது. ஏழுமலைதான் எச்சரித்தார். "ஜெயிச்சிட்டோம்னு ஜல்தியா செவுரப் பூசிடாதீங்கண்ணே. அடுத்த வருஷத்துக்கு அந்த வெடிப்பு வேணும்." வாசலைத் தாண்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன். அது இப்போது சிரிக்கிற மாதிரி தெரியவில்லை.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். அவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது.

"கேசு இன்னாடா ஆச்சி?"

"கொறச்சிட்டாங்கப்பா."

"இன்னா கொற கண்டாங்க ஊட்டுல? போட்டோ இருந்தா அனுப்பு, பாக்கறேன்."

தேடினேன். அவள் போன பிறகு இந்த வீட்டில் நான் எடுத்தவை அந்த மூன்று படங்கள்தான். கூரையையும் வெடிப்பையும் அவருக்கு அனுப்பக் கை வரவில்லை. மஞ்சள் வட்டத்தை அனுப்பினேன்.

"இது, மருமவ வெள்ளிக்கெழம புடிச்சி வெக்கிற எடம் இல்ல?"

"ஆமாம்பா."

"இதுக்கு எவ்ளோ போட்டாங்க?"

"ஒண்ணும் போடலப்பா."

"தெரியாதவங்கடா. அளக்கத் தெரியாதவங்க. நீ போயி ஏத்தச் சொல்லு. ஏத்தச் சொல்லுடா."

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அந்த மஞ்சள் வட்டத்தின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து என் ஊர்ச் சேவல் கூவியது. ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கு வைக்கும் நேரம். அப்பா பேசிக்கொண்டே இருந்தார். வீடு கேட்டுக்கொண்டிருந்தது.