மெடிக்கல் அன்று கோணிய வாய்

அய்யனார் எட்டு வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். அவனைப் பெர்மனென்ட் ஆக்குவதற்கான மெடிக்கல் அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு. விஷயத்தைப் பெண்டாட்டி வள்ளியம்மாளிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. போன தடவை அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்து, தெருவின் கண் பட்டுத்தான் வேலை கைநழுவியது என்பது அவன் முடிவு.

சொத்தைப் பல் இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று எவனோ கிளப்பிவிட, காலையிலேயே தனியாகப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டான். மரத்துப்போகப் போட்ட ஊசியில் வாய் ஒரு பக்கம் கோணியது; அந்தப் பக்கத்துக் கண் மூட மாட்டேன் என்றது. மருந்து முகத்து நரம்பிலும் இறங்கிவிட்டது, எப்போதாவது இப்படி ஆகும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றார் பல் டாக்டர். கம்பெனி டாக்டருக்கு ஊசி சங்கதி தெரியாதா, போய் நின்றால் போதும் என்று தேற்றிக்கொண்டு, சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தான். அங்கேதான் வினை.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்திருந்த வள்ளியம்மாளின் அண்ணன் குஞ்சிதபாதம், ஒரே பார்வையில் வாதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். வாதத்துக்குப் புறா ரத்தம் தடவ வேண்டும். புறாவுக்கு ஆள் ஓடியது. அய்யனார் என்னவோ சொல்லப் பார்த்தான். மரத்த நாக்கிலிருந்து எச்சில்தான் வந்தது. வாசலைப் பார்த்து ஓடினான். மூளைக்கு ஏறிவிட்டது என்று நாலு பேர் அமுக்கிப் போர்வையில் சுருட்டினார்கள்.

“அசையாத படுத்துக்கினு இரு மாப்ள. காத்து பட்டா அந்தப் பக்கமும் இழுத்துக்கும்.”

மச்சான் என்று ஒருவன் வாய்த்தால் இப்படியா வாய்க்க வேண்டும்? இரண்டு மணிச் சங்கு ஊதியபோது அய்யனாரின் கன்னத்தில் புறா ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. ஆத்திரம் தாங்காமல் அழுதான். கண்ணில் தண்ணீர் வருகிறது, மருந்து பிடித்துவிட்டது என்றான் குஞ்சிதபாதம்.

சாயங்காலம் மரப்பு விட்டது, வாயும் நேரானது. தெருவே குஞ்சிதபாதத்தைக் கையெடுத்துக் கும்பிட்டது. கூட்டம் கலைந்த பிறகு வள்ளியம்மாள் ஈரத்துணியால் புருஷனின் முகத்தைத் துடைத்தாள்.

“இன்னைக்கி ரெண்டு மணிக்கு எனக்குப் பெர்மனென்ட் மெடிக்கலு.”

அவள் கை நின்றது. 

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கோணின வாயோட நானே கையப் புடிச்சி இட்டுக்கினு போயிருப்பனே.”

அவளைத் திட்டுவதற்கென்று மத்தியானம் முழுக்க அவன் வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தான். ஒன்றுகூட வாயில் வரவில்லை.