மாமன் இலை

சோற்றைக் குறைத்தால் போதாதா என்று என்னிடம் கேட்காத ஆள் கொல்லிமலையில் கிடையாது. டீக்கடையில் நான் வாங்கிக்கொடுத்த வடையைத் தின்றுகொண்டே கேட்பார்கள். மிளகு மூட்டை ஏற்ற வந்தவன் கேட்பான். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்த பெரியவர், முன்பின் தெரியாதவர், ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். இருபது வருஷம் குறைத்துப் பார்த்தவன் நான். சாமைக் கஞ்சி, கொள்ளு ரசம், வெறும் வயிற்றில் வெந்நீர், எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு மாதம் இளைப்பேன். அடுத்த ஆறு மாதத்தில் போனதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். மலையில் எங்கள் ஊர்கள் சேர்ந்த குண்டூர் நாட்டிலிருந்து வாழைத்தாரும் மிளகும் பலாவும் ஏற்றிக்கொண்டு போய், அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தையில் இறக்குவேன். போன வருஷம் பட்டப்பகலில், கொண்டை ஊசி வளைவில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டேன். வண்டி தடுப்புச் சுவரில் உரசி நின்றது. உடம்பின் பாரத்தால் தூக்கத்தில் எனக்கு மூச்சு அடைபடுகிறது, கெட்டுப்போன அந்தத் தூக்கம்தான் பகலில் வண்டியில் வந்து பிடிக்கிறது என்று சேலத்து டாக்டர் சொன்னார். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷனைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். ஆயுசுக்கும் மாத்திரை, ஆயுசுக்கும் அளந்த சாப்பாடு என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஒரு வாரம் யோசித்து ஒத்துக்கொண்டேன்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, தேவனூர் நாட்டில் வாழ்க்கைப்பட்ட அவள் ஒருத்திதான் சொந்தம். ஆனால் அவளிடம் சொன்னால் அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளை, மூத்த பிள்ளையின் காது குத்தில் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, “மச்சானுக்கு ரெண்டு சேர் போடுங்கப்பா” என்றவர். போடவும் போட்டார்கள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அரை இட்லியைக் கால் மணி நேரம் மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஒரு வாய் கூடினாலும் நெஞ்சு அடைத்து, வேர்த்துக் கொட்டி, நுரையாக வாந்தி வரும். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கைக்கடியில் தோல் தொங்கியது. குண்டாக இருந்தபோது சத்தமாகக் கேட்ட அதே ஆட்கள் இப்போது குரலைத் தாழ்த்தி, “சுகருங்களா? இல்ல வேற ஏதாச்சும்ங்களா?” என்றார்கள். சுகர்தான் என்று சொல்லிவைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதம் தங்கையின் இளைய மகளுக்குக் காது குத்து. குழந்தையை என் மடியில் உட்காரவைத்து, குத்தி முடித்து, கறி விருந்துக்கு உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் இலை. அவன் மிச்சம் வைத்து எழுந்தால் மனசில் ஏதோ வைத்துக்கொண்டு எழுகிறான் என்று அர்த்தம். அவன் எழும் வரை பந்தியில் யாரும் எழ மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. கொஞ்சமாகப் போடச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். தங்கையே பரிமாற வந்து, இளைத்துப்போன அண்ணனைக் கண்ட பாசத்தில், சோற்றையும் கறியையும் குடல் வறுவலையும் குவித்துவிட்டாள்.

நாலாவது வாயில் நெஞ்சு அடைத்தது. கையை இலையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பந்தி முழுக்கச் சாப்பிட்டு முடித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்க மச்சான், கறி புடிக்கலீங்களா, எங்களையே புடிக்கலீங்களா?” என்றார் மாப்பிள்ளை.

அவருடைய அம்மா பக்கத்திலிருந்தவளிடம், “மொதப் புள்ள காது குத்துல பேசுனத மனசுல வெச்சுக்கிட்டுத்தான் மாமன் சோத்த ஒதுக்கறான்” என்றார். எல்லாருக்கும் கேட்டது.

தங்கைக்கு முகம் செத்துப்போயிற்று. குனிந்து, “அண்ணா, தின்னுட்டு எந்திரி சாமி. நான் இந்த ஊட்டுலதான இருக்கோணும்” என்றாள்.

அவளுக்காக இன்னொரு வாய் போட்டேன். பந்தல் ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ, “தண்ணி போட்டிருக்கறாப்பல” என்றான். அவ்வளவுதான். திரும்பி வந்து சட்டையைத் தூக்கி, வயிற்றிலிருந்த ஐந்து தழும்புகளையும் காட்டினேன்.

“வயித்தையே வெட்டி எடுத்தாச்சு! பாத்துக்கங்க! குண்டா இருந்தாச் சிரிக்கறீங்க, எளச்சாச் சீக்காளிங்கறீங்க, திங்கலைன்னாக் கோவமுங்கறீங்க. எம்பட வயித்துல உங்களுக்கு என்ன வேலை?”

தங்கைதான் கேட்டாள். “ஆசுபத்திரில யாரு கையெழுத்துப் போட்டது?”

“கூட வண்டி ஓட்டறவன்.”

“சொந்தக்காரங்க யாருன்னு கேக்கலியா?”

“கேட்டாங்க. யாருமில்லைன்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டு சேர் போட்ட அன்னிக்கு நீயுந்தான சிரிச்ச.”

அவளைக் குத்துவதற்காகவே சொன்னேன். இத்தனை வருஷமாக மாப்பிள்ளைமேல் இருந்ததைவிட அவள்மேல்தான் கோபம் அதிகம் இருந்தது என்பது, வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இல்லை என்று அவள் சொல்லவில்லை. என் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அதைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். “சபையில என்ன இது, எந்திரி” என்று மாப்பிள்ளை அதட்டினார். அவள் காதில் வாங்கவில்லை. கறியை, ஆறிப்போன வறுவலை, நான் பிசைந்து வைத்திருந்த சோற்றை, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. இலையை மடித்துவிட்டு மாமியாரைப் பார்த்து, “மாமன் எலை காலியாயிருச்சுங்க அத்தை. எல்லாரும் கை கழுவலாமுங்க” என்றாள்.

பந்தி எழுந்தது. அவள் என்னைப் பார்க்காமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “யாருமில்லைன்னா எழுதிக் குடுத்த?” என்றாள்.

மாப்பிள்ளையைத் திட்ட என்னிடம் இன்னும் ஒரு வண்டி வார்த்தை இருந்தது. அதை விட்டுவிட்டு, அவள் மடித்த இலையை எடுத்துக்கொண்டு போய் நானே போட்டேன்.