பிலோமியின் இரண்டு வருஷம்

பிலோமிக்கு யார் மேலாவது கோபம் வந்தால், மாதா கோயிலில் அவர்களுக்கு நேர் பின் பெஞ்சில் போய் உட்காருவாள். உட்கார்ந்து, பூசை முடிகிறவரை பிடரியையே முறைப்பாள். ராயபுரத்தில் அவளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். போன வருஷம் தவக்காலம் முழுக்க அவள் முறைத்தது அருள்பிரகாசத்தின் பிடரியை. சும்மா முறைக்கவில்லை, காரணம் இருந்தது.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் பென்ஷனுக்கு எழுதிப் போடலாம் என்று கிளம்பினாள். அவள் பார்க்காத வேலையா? திருவொற்றியூரில் தகர டின் கம்பெனி, வண்ணாரப்பேட்டையில் உள்பாவாடை தைக்கும் இடம், எண்ணூரில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலை. எல்லா இடத்திலும் பி.எஃப். பிடித்தார்கள். ஒரு இடத்திலாவது இதுதான் உன் நம்பர் என்று சொன்னார்களா என்றால், அது இல்லை. கடைசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷரீஃபுன்னிசாதான் கைகொடுத்தாள். பழைய சம்பளச் சீட்டு, கிழிந்த அட்டை என்று இவள் பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டியதையெல்லாம் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு நம்பராகத் தோண்டி எடுத்தாள். அதற்கே மூன்று மாசம் ஆனது.

"அக்கா, எல்லாத்தையும் கூட்டினா எட்டு வருசம் நாலு மாசம் வருது. பென்ஷனுக்குப் பத்து வருசம் வோணும்."

"டின் கம்பெனி ரெண்டு வருசம் இன்னா ஆச்சி?"

"அங்க உங்க பேரே இல்லக்கா."

எப்படி இருக்கும்? அந்த இரண்டு வருஷமும் அவள் வேலை பார்த்தது சில்வியா என்ற பெயரில்.

அந்தக் கம்பெனியில் அது ஒரு வழக்கம். ஒருத்தி பிள்ளைப் பேற்றுக்குப் போனால், இடம் பறிபோகாமல் இருக்கத் தெரிந்தவள் ஒருத்தியைத் தன் டோக்கனில் அனுப்பி வைப்பாள். கேட்டில் டோக்கனைப் பார்ப்பார்களே தவிர மூஞ்சியைப் பார்க்க மாட்டார்கள். சில்வியாவின் புருஷன் அருள்பிரகாசம் அங்கேயே சூப்பர்வைசர். பிலோமியின் புருஷன் நோயல் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த சமயம் பார்த்து வந்து, ஆறு மாசம் சில்வியா பெயரில் வந்து போ, சம்பளம் உன் கையில் என்று கூட்டிப் போனான். ஆறு மாசம் இரண்டு வருஷமாக இழுத்தது. குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் சில்வியா வேலைக்குத் திரும்பினாள், பிலோமியை நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார்கள். ஒரு நன்றி? மூச்!

சரி, பழசு போகட்டும் என்று பிலோமி அவர்கள் வீட்டுக்கே போனாள். தயவாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, அந்த ரெண்டு வருசம் நான்தான் வேலை பாத்தேன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. ஆபீசுல காட்டிக்கிறேன்."

அருள்பிரகாசம் சிரித்தான். "நீ வேலை பாத்தியா? எந்த ரிஜிஸ்டர்ல கீது? கம்பெனியே மூடிக்கினு போயி பதினஞ்சு வருசம் ஆவுது. போம்மா, பேஜாரு பண்ணாத."

டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சில்வியா சொன்னாள்: "எனக்கே பத்து வருசத்துக்கு மேல ரெண்டு மாசந்தான் கீது. உனக்கு எழுதிக் குடுத்துட்டு நான் இன்னா பண்றதாம்?"

பிலோமிக்கு உச்சந்தலை வரை ஏறியது. அவள் நின்று உழைத்த நாட்களை வைத்து இவள் மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறாள், அவளையே பேஜார் என்கிறார்கள். அந்த வாரத்திலிருந்துதான் பிடரி முறைப்பு ஆரம்பித்தது.

முறைத்து முறைத்து ஒரு பயனும் இல்லாமல், ஒரு சனிக்கிழமை கானாங்கெளுத்தி கழுவிக்கொண்டிருந்தாள். இடது கை மோதிர விரலில் முள் ஏறியது. அதை முழு விரல் என்றுகூடச் சொல்ல முடியாது, நுனிக் கணுவே கிடையாது. அதை டின் கம்பெனி பிரஸ் மெஷின் விழுங்கிவிட்டது. அன்றைக்கு ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது அருள்பிரகாசம் காதோடு சொன்னது, "பேரு கேட்டா சில்வியான்னு சொல்லு." வலியில் கத்திக்கொண்டே அதையும் சொன்னாளே பாவி! அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டைத் தேடி மீன் கையோடு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். கிடைத்தது. சில்வியா, டோக்கன் நம்பர் 218, இடது மோதிர விரல் நுனி துண்டிப்பு.

திங்கட்கிழமையே மனுவோடு அந்தச் சீட்டின் நகலையும் வைத்து பென்ஷன் ஆபீசில் கொடுத்துவிட்டாள். சில்வியாவை நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் போனது.

நோட்டீஸ் கிடைத்த சாயங்காலமே அருள்பிரகாசம் படியேறி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"பிலோமி, கேஸ் கீஸுன்னு வாணாம்மா. அவ பென்ஷன்ல பாதிய மாசாமாசம் உங்கையில குடுத்துடறேன். அந்த மனுவ மட்டும் வாபஸ் வாங்கிக்கோ."

"வாபஸ் வாங்காமயே தப்பிக்க ஒரு வழி கீது" என்றாள் பிலோமி.

"இன்னா வழி? சொல்லும்மா, செய்றேன்."

அவள் அடுப்பங்கரைக்குப் போய் அரிவாள்மனையைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தாள். "எடுத்துக்கினு போ. நாளைக்குள்ள உம் பொஞ்சாதி விரலும் சீட்டுல கீற மாதிரி ஆயிடணும்."

அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினான்.

விசாரணை நாளன்று சில்வியா இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தாள். அதிகாரி கையை நீட்டச் சொன்னார். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. மேஜை மேல் வந்தது கொழுகொழுவென்று ஐந்து விரல், மோதிர விரலில் மோதிரம். பிலோமி கேட்காமலே தன் கையைப் பக்கத்தில் வைத்தாள்.

அதிகாரி சீட்டையும் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பிலோமியிடம் சொன்னார்: "அம்மா, இவங்க பென்ஷன இன்னிக்கே நிறுத்தி வெக்கிறேன். ஆனா நீங்களும் வேற பேர்ல வேலை பாத்திருக்கீங்க, அதுவும் தப்புதான். அந்த ரெண்டு வருஷம் உங்க கணக்குல ஏறும்னு நான் சொல்ல முடியாது. விசாரணை முடிய வருஷக்கணக்காவும். இப்பவும் வாபஸ் வாங்கலாம். நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கறதுன்னாலும் சரி."

சில்வியா அழ ஆரம்பித்தாள். "பிலோமி, மாத்திரை மருந்துக்கே அதாண்டி கீது" என்றாள்.

பிலோமி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இத்தனை நாள் பிடரியைத்தான் பார்க்க முடிந்தது. பரிதாபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள், வரவில்லை. பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்துதான் இருந்தது.

"எனக்கு வராங்காட்டி போவுது சார்" என்றாள். "இவளுக்கு நிறுத்துங்க. எங்க கையெழுத்து போடணும்?"