குளிக்கத் தெரிந்தவன் செயின்ட் லூசியா போன கதை

பெப்ரவரியில் மகள் அபிராவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிழமை விடுமுறை வந்தது. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்னோ அள்ளி முடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். மனைவி தர்சினி கணினியில் ஒரு கடற்கரைப் படத்தைக் காட்டினாள்.

"உதென்ன, கரி கொட்டின மாதிரிக் கிடக்கு?"

"எரிமலை மண்ணப்பா. செயின்ட் லூசியா, கரீபியன் தீவு. எல்லாரும் கியூபா, கியூபா எண்டு போகினம். நாங்கள் ஒருக்கா இஞ்ச போவம்."

நான் ஸ்காபரோவில் வீடு விற்பனை முகவர். வீடு வாங்க வருகிற ஒவ்வொரு சோடியிடமும் "ஆழம் தெரியாமல் காலை விடாதேங்கோ" என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபின் என்னிடம் வீடு வாங்கியவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். உயிரோடு இருந்து எழுதுகிறேன், எனக்கு அது போதும்.

ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம். காலை 9.10க்குக் கிளம்பி ஐந்து மணித்தியாலம் இருபது நிமிடத்தில் இறங்கினோம். மூவருக்கும் போய்வர 2,460 கனடிய டொலர். விமான நிலையம் தீவின் தென்முனையில் இருக்கிறது, நாங்கள் பிடித்த அறையோ வடக்கே ரொட்னி பேயில். தூரம் ஏறக்குறைய 55 கிலோமீற்றர். நாங்கள் 401 நெடுஞ்சாலையில் ஓடிப் பழகியவர்கள், அரை மணித்தியாலம் என்று நினைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம், வளைவுக்கு வளைவு ஹோர்ன் சத்தம். வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. எனக்கு அது இலங்கைப் பழக்கம், ஆனால் அபிரா பாதி வழி கண்ணைப் பொத்திக்கொண்டே வந்தாள். எங்களை ஏற்றி வந்த வாடகை வானை ஓட்டியவர் பெயர் கெல்வின், ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். அவரையே மூன்றாம் நாளுக்கும் முழுநாள் வாடகையாக 200 அமெரிக்க டொலருக்குப் பேசிக்கொண்டேன். 240 கேட்டார். பேரம் பேசாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

இரண்டாம் நாள் பிஜன் ஐலண்ட் பூங்கா. முன்னொரு காலத்தில் தனித் தீவாக இருந்ததைக் கல்லும் மண்ணும் கொட்டிக் கரையோடு இணைத்திருக்கிறார்கள். நுழைவுக்கு ஆளுக்கு 10 அமெரிக்க டொலர். பழைய கோட்டை வரை ஏற இருபத்தைந்து நிமிடம், கடைசிப் பகுதி செங்குத்து, செருப்போடு ஏற வேண்டாம். கீழே சின்னதாக ஒரு கடற்கரை, வெள்ளை மணல், தூங்குகிற கடல். நான் இறங்கி நடந்தேன். நடக்க நடக்க இடுப்பளவுதான் தண்ணீர். திரும்பி நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

"பாத்தியளே? காரைநகராருக்குக் கடலைப் பற்றி ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை!"

தெரியாதவர்களுக்காக: காரைநகர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று. அங்கே கசூரினா கடற்கரையில் எவ்வளவு தூரம் உள்ளே போனாலும் கால் நிலத்தில்தான் நிற்கும். நான் பிறந்து பழகிய கடல் அது. கனடா வந்த பிறகு கோடைக்குக் கோடை போகிற வாசாகா ஏரிக்கரையும் அதே குணம்தான். ஆகவே ஐம்பத்திரண்டு வயது வரை, கடல் என்றால் தரை மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்று நம்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை 7.30க்குக் கிளம்பி 9.15 போல தென்மேற்குக் கரையிலுள்ள சூஃப்ரியேர் ஊருக்கு வந்தோம். முதலில் எரிமலை வாய். வாகனம் கிட்டத்தட்ட அதற்குள்ளேயே போய் நிற்கிறது. சாம்பல் நிறச் சேறு கொதித்துக் குமிழ் விடுகிறது, கூழ் முட்டை நாற்றம் மூக்கை அடைக்கிறது. பூமி இப்படி வெளிப்படையாகக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப்பக்கம் காலை வைத்தால் கால் மிஞ்சாது என்றார் வழிகாட்டி. நல்ல வேலி. அன்று நான் கண்ட ஒரே வேலியும் அதுதான். பிறகு சேற்றுக் குளியல். தர்சினி முகமெல்லாம் பூசிக்கொண்டு பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

பகல் 12.40க்கு, பித்தோன் மலையடியில் இருந்த ஒரு சின்னக் கறுப்பு மணல் கரைக்குக் கெல்வின் கூட்டிப் போனார். அந்த நேரத்தில் கறுப்பு மணல் அடுப்பில் வைத்த தாச்சிச் சட்டிதான், செருப்பைக் கழற்றிய மூவரும் துள்ளினோம். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை.

யார் யாருக்கு நீந்தத் தெரியும் என்று கெல்வின் அபிராவிடம் கேட்டார். தனக்குத் தெரியும், அம்மா இறங்கமாட்டார் என்றாள். பிறகு என்னைக் காட்டி ஆங்கிலத்தில் பெருமையோடு சொன்னாள்: "அப்பா தீவில் பிறந்தவர். கடலில் நீந்தி வளர்ந்தவர்." அப்படியென்றால் பரவாயில்லை, இங்கே கரையிலிருந்து எட்டுப் பத்து அடி போனால் தரை இல்லாமல் போய்விடும், மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது என்றார் கெல்வின்.

எல்லாம் என் காதில் விழுந்தது. நான் அவளுக்கு எப்போதும் சொல்லி வந்தது, "கடல் குளிச்சு வளந்தனான்" என்று. எங்கள் ஊரில் குளிப்பது என்றால் நெஞ்சளவு தண்ணீரில் நின்று முங்கி எழுவது. மல்வேர்னில் பிறந்த பிள்ளைக்கு அது நீச்சலாகிவிட்டது. ஒரு சொல்லைத் திருத்த எனக்கு இரண்டு விநாடி போதும். திருத்தவில்லை. அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

இறங்கினேன். முழங்கால். இன்னும் இரண்டு எட்டு, இடுப்பு. அடுத்த காலை வைத்தேன், வைக்க இடமில்லை.

அலை இல்லை, சத்தம் இல்லை. கண்ணுக்குள் கறுப்பு, மூக்குக்குள் உப்பு. மேலே வந்தபோது அபிரா "அப்பா! மல்லாக்கப் படுங்கோ! காலை உதையாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு நீந்தி வந்தாள். அவள் கிட்ட வந்ததும் நான் செய்ததை எழுதாமல் விடலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதுகிறேன். அவள் தோளைப் பிடித்து, அவளை அமுக்கி, அவள்மேல் ஏறி மூச்சு விட்டேன். என் பிள்ளையை நான் தண்ணீருக்குள் அமுக்கினேன்.

அவள் நழுவிக் கீழே போய், இரண்டு யார் தள்ளி மேலே வந்தாள். இருமினாள். என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது, கடலைப் பற்றிய பயம் அல்ல. அதற்குள் கெல்வின் வாகனத்தில் கிடந்த பெரிய வெறும் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்து குதித்து, அதை என் நெஞ்சுக்குள் திணித்தார். அதைக் கட்டிப்பிடித்தபடி கரை வந்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட இருக்காது என்கிறாள் தர்சினி.

தர்சினி மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் துவாய் தரவில்லை.

"அப்பா, உங்களுக்கு சுவிம் பண்ணத் தெரியாதா?" என்றாள் அபிரா.

"தெரியாது பிள்ளை."

"கடல் குளிச்சு வளந்தனான் எண்டு சொன்னீங்கள்?"

"குளிச்சனான்தான். நிண்டு குளிச்சனான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "வாசாகால நான் சின்னப்பிள்ளையா தூர தூரப் போவன். அம்மா பயந்து கத்துவா. அப்பா கரையில நிக்கிறார், ஐ ஆம் சேஃப் எண்டுதான் நான் போனனான். ஒவ்வொரு சம்மரும்."

கெல்வினுக்கு அன்று அவர் முதலில் கேட்ட 240ஐயே கொடுத்தேன். அவர் மீதியைத் திருப்பித் தந்தார், வாங்கிக்கொள்ள என் கை எழவில்லை.

போக இருப்பவர்களுக்கு: தீவு அழகு, கட்டாயம் போங்கள். மலைப் பாதைக்கு அரை மணித்தியால மனக்கணக்குப் போடாமல் இரண்டு மடங்கு நேரம் வையுங்கள். கறுப்பு மணலுக்குக் காலை பத்துக்கு முன் போங்கள், அல்லது கடற்கரைச் செருப்பு கொண்டு போங்கள். பல கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. இறங்குமுன் அந்த ஊர்க்காரரிடம் ஆழம் கேளுங்கள், அவர் சொல்வதை நம்புங்கள். பிஜன் ஐலண்டில் இடுப்பளவு என்பதற்காகத் தெற்கேயும் இடுப்பளவு இல்லை. முக்கியமாக, உங்கள் பிள்ளைகள் உங்களைப் பற்றி மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறை கவனித்துக் கேளுங்கள்.

திரும்பி வந்து, வீட்டிலிருந்து எட்டு நிமிடத்தில் இருக்கும் நீச்சல் தடாகத்தில் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமை காலை 8.15. படிவத்தில் நீந்தத் தெரியுமா என்று கேட்டிருந்தது. இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அபிரா ஆறு வயதில் இதே தடாகத்தில் பழகினாள். அவளை இறக்கிவிட்டு நான் காருக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன்.

போன சனி என்னை அவள்தான் ஏற்றிப் போனாள். "நீ காருக்குள்ள இரு, குளிருது" என்றேன். கேட்கவில்லை. நான் மூன்றரை அடித் தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கி முக்கி எடுத்தேன். ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் பார்த்தேன். அவள் இருக்கையில் உட்காரவில்லை, ஜக்கெற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விளிம்பில் நின்றாள்.