அழுகையைக் குடிக்கும் யானை

எங்கள் சலவைக் கடையில் அவனைக் கறைக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். மை, துரு, தேநீர், இரத்தம், உதட்டுச் சாயம், எதுவானாலும் அவன் மேசைக்குத்தான் வரும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். கறையை நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்து பார்ப்பான். வரிசையாக நிற்கும் குப்பிகளில் ஒன்றை எடுத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றிக்கொண்டே வருவான். கறை போனதும் துணியைத் திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கூடையில் வீசுவான். கூடை நிறைந்தால் இயந்திரத்துக்குள் போகும். வெளியே வந்த பிறகு ஒவ்வொன்றையும் முகத்தில் அப்பி மூச்சை இழுத்துப் பார்ப்பான். ஒரு வாசனையும் வரக் கூடாது. வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள் நான். என் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தக் கடையில் அவன் ஒருத்தன்தான். அது தைரியம் இல்லை, நான் சொல்வதை அவன் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

போன மழைக்காலத்தில் அவன் மனைவி இறந்துபோனாள். நெஞ்சு வலி, இருமல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் அவளுடைய துணிமணிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பழைய நைட்டி ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. கழுத்தில் மருந்து கொட்டின கறை இருந்ததால் அது தப்பித்தது. வெளிர் நீலத்தில் மஞ்சள் பூ போட்ட நைட்டி. அதை அவன் பெண் பிடித்துக்கொண்டாள்.

பெண்ணைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நாதியில்லை. கடைக்குக் கூட்டி வந்து என் மேசைக்குக் கீழே உட்கார வைத்தான். சுண்டெலி என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். நீராவியின் சூட்டில், தொங்கும் துணிகளுக்கு நடுவில், அந்த நைட்டியின் கழுத்தைச் சுருட்டி மூக்கில் வைத்தபடி பேசாமல் கிடப்பாள். அவ்வப்போது என் கால் விரலைக் கிள்ளுவாள். "ஏய் சுண்டெலி, பொறி வாங்கிட்டு வரவா?" என்பேன். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

முதலாளி ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, இந்த மருந்து நெடி அடிக்கற இடத்துலயா பிள்ளைய வச்சிருப்பே? ஏற்கெனவே அது இருமுது. பள்ளிக்கூடத்துல சேத்துவிடு. இனிமே இங்க காலையிலருந்து உக்கார வைக்காதே."

அந்த மனுஷன் வாயிலிருந்து நியாயமாக ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. டீச்சர் நல்ல மாதிரிதான். ஆனால் நைட்டியை இழுத்துக்கொண்டு வகுப்புக்கு வரக் கூடாது, பைக்குள் அடங்குகிற பொம்மை என்றால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். பெண்ணோ நைட்டி இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவன் என் மேசைக்குக் கீழே தலையை நுழைத்து உட்கார்ந்துகொண்டு பேசினான். எங்களிடமெல்லாம் எண்ணி எண்ணிப் பேசுகிறவனிடம் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பாப்பா, அம்மா நைட்டிய யானையா மாத்திடலாமா?"

"யானை எதுக்குப்பா?"

"இது அழுகையக் குடிக்கற யானை. உனக்கு அழுகை வந்தா தும்பிக்கைய எடுத்துக் கண்ணுல வச்சுக்கோ. ஒரே உறிஞ்சு! எல்லாம் வயித்துக்குள்ள போயிடும். சாயங்காலம் அப்பா பிழிஞ்சு காயப் போடறேன். மறுநாள் மறுபடி பசிக்கும் அதுக்கு."

அவள் யோசித்தாள். "அம்மா விரல் மாதிரி தும்பிக்கை வைப்பியா? சுண்டு விரல்?"

தெருவில் நடக்கும்போது அவள் அம்மாவின் சுண்டு விரலைத்தான் பிடித்துக்கொள்வாளாம்.

"வைக்கறேன்."

"அம்மா வாசம் வருமா?"

"அம்மா நைட்டிதானே? வராம எங்க போகும்?"

"அப்படின்னா அழாம போறேன்."

துணிகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்கள் போட்டு வைக்கும் டப்பாவைக் கிளறி, கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொத்தான்களை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "இந்தக் கண்ணு தூங்கிட்டா அந்தக் கண்ணு பாத்துக்கும்" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வெட்டித் தைப்பதாகத் திட்டம். பெண் இருந்தால் வெட்ட விட மாட்டாள் என்று அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். நைட்டியை மேசையில் விரித்துத் தடவித் தடவிப் பார்த்தான். நான் எனக்கு முன்னால் இருந்த மலைபோன்ற சட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இயந்திரம் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்.

"அக்கா, நைட்டிய நீங்க எடுத்தீங்களா?"

"நான் ஏம்ப்பா எடுக்கறேன்? உன் மேசையிலதானே இருந்துச்சு?"

மேசைக்கு அடியில் தேடினான். நாற்காலியில் தேடினான். மேசைமேல் ஒரு குப்பி மூடி திறந்து கிடந்தது, மருந்துக் கறைக்குப் போடுகிற குப்பி. அதைப் பார்த்தான். திரும்பிக் கூடையைப் பார்த்தான். கூடை காலி. கையில் கத்திரிக்கோலோடு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றான். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கோட்டோடும் திரைச்சீலையோடும் சேர்ந்து அந்த நீலத் துணி சுற்றிச் சுற்றி வந்தது.

கழுத்தில் கறையைப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். மீதியைக் கை செய்துவிட்டது. ஒற்றியது, எடுத்தது, வீசியது, கூடை நிறைந்ததும் அள்ளிப் போட்டது. எத்தனையோ வருஷமாக யார் துணிக்கோ செய்ததை அது தன் வீட்டுத் துணிக்கும் செய்துவிட்டது.

"நிறுத்துப்பா!" என்று கத்தினேன்.

"நிறுத்தி என்ன செய்யறதுக்கா? நனைஞ்சாச்சு."

ஓட்டம் முடியும்வரை அங்கேயே நின்றான். கதவு திறந்ததும் நைட்டியை எடுத்து முகத்தில் அப்பி மூச்சை இழுத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறை துளிகூட இல்லை. வாசனையும் இல்லை. அவன் செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான். பேய் அறைந்தவன் மாதிரி நின்றான்.

அப்புறம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தான், நானும் கூட நின்றேன். வாசனையைப் பிரித்து எடுக்கத் தெரிந்தவனுக்குச் சேர்க்கவும் தெரியும் என்று நினைத்தான். மனைவி போட்ட பவுடர், தலைக்குத் தேய்த்த எண்ணெய், நெஞ்சில் தடவிய தைலம், விரலில் ஒட்டியிருந்த பூண்டு, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுத் துணியில் ஏற்றினான். மோந்து பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

"எப்படிக்கா இருக்கு?"

"மளிகைக் கடை மாதிரி இருக்கு" என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "பேசாம பிள்ளைகிட்ட உண்மைய சொல்லிடு."

"அவ அம்மாவ நான் ரெண்டாவது தடவை அனுப்பிட்டேன்னா சொல்லச் சொல்றீங்க?"

நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அடுத்த சட்டையில் வைத்தேன்.

யானையைத் தைத்தான். அதைக் குறை சொல்ல முடியாது. தடித்த கால், வாழை இலை மாதிரி காது, சுண்டு விரல் பருமனில் தும்பிக்கை, பெரிய கண் ஒன்று, சின்னக் கண் ஒன்று. மறுநாள் பெண்ணின் கையில் கொடுத்தான். அவள் வாங்கியதும் மூக்கில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மாதான்ப்பா" என்றாள்.

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. அவளோ அதற்கப்புறம் யானையை மூக்குப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. தும்பிக்கையைப் பிடித்துத் தொங்கவிட்டபடி மேசைக்குக் கீழே போய்விட்டாள். அன்று என் கால் விரலைக் கிள்ளவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் சீருடைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். வாசம் போய்விடக் கூடாது என்று யானையைக் கடையின் கண்ணாடிக் காகித உறையில் போட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டான். எங்கள் கடை முடிச்சு அது. நுனியை எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியாதவர்களால் அவிழ்க்க முடியாது. நுனியை அவளுக்குக் காட்டிக் கொடுத்தான்.

"அழுகை வந்தா இதை இழு. முடிச்சு அவுந்திடும். சரியா?"

"சரிப்பா."

பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தரையில் புரண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க, இவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாளாம். சாயங்காலம் கூப்பிடப் போனபோது டீச்சர் அவளை வாயாரப் புகழ்ந்தாராம். இப்படி ஒரு சமத்துப் பிள்ளையைப் பார்த்ததில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று. கடைக்கு வந்து சொல்லும்போது அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"யானை வேலை செஞ்சுதா பாப்பா?"

"ம்ம். நிறைய குடிச்சுது."

பையை என் மேசையில் வைத்துத் திறந்தான். யானை உறைக்குள் இருந்தது. முடிச்சு அவன் காலையில் போட்டபடியே இருந்தது, அதே முறுக்கு, அதே நுனி. அவன் விரல் அதன்மேல் நின்றது. அவளும் பார்த்துவிட்டாள்.

"திரும்பக் கட்டி வச்சுட்டேன்ப்பா" என்றாள் அவசரமாக.

பெரியவர்களுக்கே வராத முடிச்சு அது. அவன் நுனியை இழுத்து அவிழ்த்தான். "அப்படின்னா பிழிஞ்சு காயப் போடணுமே" என்று சொல்லிவிட்டு, காய்ந்து கிடந்த யானையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனான்.

சுண்டெலி மேசைக்குக் கீழே நுழைந்தாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"அத்தை, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அதுக்குள்ள அம்மா இல்ல."

"தெரியும்டி கண்ணு."

"அப்பா அழுவாரு. அவருக்கு யானை இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. பின்னால் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவன் யானையை நன்றாக நனைத்து எடுத்துக்கொண்டு வந்தான். சேர்த்து வைத்த பவுடரும் தைலமும்கூட அந்தத் தண்ணீரோடு போயிருக்கும். அவளுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, தும்பிக்கையைப் பிடித்துப் பிழிந்தான்.

"பாரு, எவ்வளவு அழுதிருக்கே" என்றான்.

"ஆமாப்பா" என்று சொல்லி, அவள் இரண்டு கையையும் கீழே ஏந்தித் தண்ணீரைப் பிடித்தாள்.